பத்துக்குப் பத்து வாங்கிய வட்டம்

இணையத் தொழில்நுட்பத் தேர்வுப் பேரவை என்று ஒன்று இருப்பதும், அது வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் கலைவதும், அது கலைந்த பிறகும் அதன் முடிவுகள் கலையாமல் ஊர் முழுக்க உட்கார்ந்துகொள்வதும் அந்தத் திங்கட்கிழமை வரை பக்கக்காரருக்குத் தெரியாது. தெரியாமலே பன்னிரண்டு வருஷம் நிம்மதியாகத்தான் இருந்தார்.

பெரிய மருத்துவமனையின் இணையப் பக்கத்தைக் கட்டியவர் அவர். அதனால் துப்புரவுப் பணியாளர் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லாருக்கும் அவர் பக்கக்காரர்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்து யாரும் பொறாமைப்பட மாட்டார்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. நோயாளியின் பெயர், வார்டு, கட்டில் எண், எங்கே மாற்றியிருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் போய்ப் பார்க்கலாம். தீர்ந்தது. மருந்துக்குக்கூட ஒரு படம் கிடையாது.

அப்படி இருந்ததற்குக் காரணம் அவருடைய அக்கா. தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் விசாரணை மேசை அவளுடையது. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வலது காதில் தொலைபேசி, இடது காதில் கணினியின் குரல். பக்கத்தில் எழுதியிருப்பதைக் கணினி வாசிக்க வாசிக்க, போனில் தவித்துக்கொண்டிருப்பவருக்கு அக்கா பதில் சொல்வாள். அந்தக் குரலை அவள் ஓட விடும் வேகம் இருக்கிறதே, மற்றவர்கள் கேட்டால் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம்தான் கேட்கும். அவளுக்கு மட்டும் அதில் ஒவ்வொரு பெயரும் தனித்தனியாகக் கேட்கும். "என் பையனை ஆபரேஷன் முடிஞ்சு எங்க கொண்டுபோனாங்கம்மா?" என்று ஒரு தாய் அழுதால், மூக்கை உறிஞ்சி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். யாரையும் இருபது நொடிக்கு மேல் அவள் காக்க வைத்ததில்லை.

திங்கட்கிழமை காலை நிர்வாகி பக்கக்காரரைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்.

"பேரவையில என்னை நடுவராப் போட்டிருக்காங்க. ஒன்பது பேர்ல ஒருத்தர். ரெண்டு நாள் மாநாடு. எனக்குப் பல் டாக்டர்கிட்ட போகணும், நீங்க போயிட்டு வந்துடுங்க."

"சார், எனக்கு அதுல எல்லாம் என்ன தெரியும்?"

"ஒன்னும் தெரிய வேண்டாம். பயனர் பிரதிநிதின்னுதான் போட்டிருக்கு."

பக்கக்காரர் கடிதத்தைப் படித்துப் பார்த்தார். 'வளமிகு இணையச் செயலி' வகையில் நான்கு தொழில்நுட்பங்கள் போட்டியிடுகின்றனவாம். வெல்வது எதுவோ, எல்லாப் பொது மருத்துவமனைகளும் பொது நூலகங்களும் மூன்று மாதத்துக்குள் தங்கள் பக்கங்களை அதற்கு மாற்றியே தீர வேண்டுமாம். ஒரே ஒரு ஓட்டை இருந்தது. ஒன்பது நடுவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரே தொழில்நுட்பத்துக்குப் பத்துக்குப் பத்து போடாவிட்டால் முடிவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

மதிய இடைவேளையில் அக்காவிடம் சொன்னார்.

"வளமிகுன்னா என்னடா?"

"பக்கம் அசையும், மின்னும், சத்தம் போடும். எழுத்தா இருக்காது. மொத்தமும் ஒரே படம் மாதிரி."

"அப்ப நம்மளது ஏழைப் பக்கமா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "டேய், படமா இருந்தா என் கம்ப்யூட்டர் அதை எப்படிடா படிக்கும்?"

"படிக்காது."

அக்கா மேசை விளிம்பைத் தடவினாள். பிறகு, "நீதானே நடுவர்? அது வராம பாத்துக்க. வேற எதுவும் நான் உன்கிட்ட கேக்கலை. இந்த மேசையை விட்டா எனக்கு வீட்டுச் சுவரைத் தடவிக்கிட்டு உக்கார்றதுதான் வேலை" என்றாள்.

"நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்" என்றார் பக்கக்காரர். சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

மாநாட்டு மண்டபத்தைச் சும்மா சொல்லக் கூடாது. தரை முதல் கூரை வரை கண்ணாடி. வருகையைப் பதிவு செய்ய வாசலில் ஆறு ராட்சதத் தொடுதிரைகள் வைத்திருந்தார்கள். ஆறும் வேலை செய்யவில்லை. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது. அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி இரண்டு நாளும் மேடையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேரவைத் தலைவர் தொடக்க உரை ஆற்றினார். பட்டுத்துணி போலக் குரல்.

"நண்பர்களே, எங்கள் ஒவ்வொரு முடிவின் நடுவிலும் பயனர் இருக்கிறார். பயனரை நாங்கள் நெஞ்சில் வைத்திருக்கிறோம். நெஞ்சில் இருப்பவரை நேரில் அழைத்துத் தொந்தரவு செய்வதில்லை. முன்பு ஒரு ஆண்டு அழைத்தோம். வந்தவர்கள் எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நிகழ்ச்சி நிரலே குலைந்துபோயிற்று."

கை தட்டினார்கள். பயனர் பிரதிநிதி என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த பக்கக்காரரும், எல்லாரும் தட்டுகிறார்களே என்று தட்டிவைத்தார்.

நடுவர்களுக்கு மதிப்பெண் தாள் கொடுத்தார்கள். அதில் நாலு கட்டம்: அசைவு, பளபளப்பு, வியப்பு, எதிர்காலம். ஏழுக்குக் கீழே போடக் கூடாது, போட்டால் படைப்பாளிகளின் ஊக்கம் குன்றும். ஒவ்வொரு நடுவரும் யாராவது ஒருவருக்குக் கட்டாயம் பத்துக்குப் பத்து போட வேண்டும், போடாவிட்டால் பேரவையின் ஊக்கம் குன்றும். நடுவர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டியைப் பற்றிப் பேசக் கூடாது, பேசினால் நடுநிலை குன்றும்.

பக்கக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். "சார், வேலை செய்யுதா இல்லையான்னு ஒரு கட்டத்தைக் காணோமே?"

தலைவர் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வேலை செய்யறது அடிப்படைத் தகுதிங்க. அதைப் போய்ச் சோதிச்சா வந்தவங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆகிடும்."

"சரி சார். கண்ணு தெரியாதவங்க இதை எப்படிப் பயன்படுத்துவாங்க?"

"நல்ல கேள்வி. அருமையான கேள்வி. அதுக்குன்னே மூணாவது நாள் தனி அமர்வு வச்சிருக்கோம்."

"மாநாடே ரெண்டு நாள்தானே சார்?"

"அதான் சொல்றேனே, தனி அமர்வு."

பக்கக்காரர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் பொது நூலகத்திலிருந்து வந்திருந்த நூலகக்காரம்மா அவரைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்து, நடுநிலை ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

போட்டி தொடங்கியது. முதல் தொழில்நுட்பத்தில் ஒரு நோயாளியின் பெயரைத் தொட்டதும் அந்தப் பெயர் பட்டாம்பூச்சியாக மாறிப் பறந்தது. அது வந்து உட்கார்ந்தால்தான் வார்டு எண் தெரியும். ரசிகர்கள் ஆ என்றார்கள். அது உட்கார நாற்பது நொடி ஆயிற்று. இரண்டாவதில் மருத்துவமனையே ஒரு கிரகம். நோயாளிகள் கட்டிலோடு அதைச் சுற்றி வந்தார்கள். தேடுகிற ஆள் அந்தப் பக்கம் போய்விட்டால் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது திறப்பதற்கு முன்னால் ஒரு துணைச் செயலியை நிறுவச் சொன்னது. நிறுவினார்கள். கணினியை அணைத்துப் போடச் சொன்னது. அணைத்துப் போட்டார்கள். அந்தத் துணைச் செயலி பழசாகிவிட்டது, புதிதை நிறுவவும் என்றது. இதற்கும் கை தட்டினார்கள், ஏனென்றால் அந்த அறிவிப்பு நட்சத்திரங்கள் சிதற வந்தது. அக்கா தன் மேசையில் உட்கார்ந்து இவற்றோடு மல்லுக்கட்டுவதைப் பக்கக்காரர் நினைத்துப் பார்த்தார்.

நான்காவதாக ஒரு இளைஞன் மேடை ஏறினான். திரையில் ஒரு நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தது. "இதோ வந்துடும்" என்றான். வட்டம் சுற்றியது. "லைன் கொஞ்சம் மெதுவா இருக்கு" என்றான். வட்டம் சுற்றியது. இப்படியே இருபது நிமிஷம், அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்க, வட்டம் சுற்ற, நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அவன் மேடையைவிட்டு இறங்கிய பிறகும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அன்று மாலை, பயனர் பிரதிநிதிக்கென்று மூன்று நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். பக்கக்காரர் அதற்காக அக்காவின் கணினிக் குரலைப் பதிவு செய்து கொண்டுபோயிருந்தார். மைக்கின் முன் போய் நின்றார்.

"எங்க ஆஸ்பத்திரியில ஒருத்தங்க இப்படித்தான் பக்கத்தைப் படிக்கறாங்க. பார்க்கறதில்லை, கேக்கறாங்க. தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் கேளுங்க" என்று சொல்லி ஓட விட்டார். அக்காவின் வேகத்திலேயே ஓட விட்டார். மண்டபம் முழுக்கத் தகரக் கூரை மழை கொட்டியது. முன் வரிசையில் சிரித்தார்கள். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒலிக்காரர் ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினார். தொகுப்பாளர், "இனிமையான இசை விருந்து வழங்கிய பயனர் பிரதிநிதிக்கு நன்றி" என்று அறிவித்தார். பக்கக்காரர் அவமானத்தில் கூனிக் குறுகி மேடையைவிட்டு இறங்கினார். பன்னிரண்டு வருஷ உழைப்பை, அக்காவின் காதுகளை, இத்தனை பேர் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டோமே என்று பொறுக்க முடியவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வட்டத்துக்காரப் பையன் தட்டோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"சார், நேத்து நீங்க போட்டுக் காட்டினது எனக்குப் புரிஞ்சுது. எங்க அப்பாவுக்கும் பார்வை மங்கிட்டு வருது."

பக்கக்காரருக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "உங்களோடது எப்பப்பா வேலை செய்யும்?"

"வெளியில சொல்லிடாதீங்க. இன்னும் எழுதவே இல்லை சார். வட்டம் மட்டும்தான் எழுதியிருக்கோம். யாரும் எங்களுக்குப் போடப்போறதில்லை, வந்து கத்துக்கலாம்னுதான் வந்தோம்."

அந்த நிமிஷம் பக்கக்காரரின் மூளையில் மின்னல் அடித்தது. பாவம், அவர் வாழ்க்கையில் போட்ட ஒரே கணக்கு அது. பட்டாம்பூச்சிக்கும் கிரகத்துக்கும் நட்சத்திரத்துக்கும் மற்ற எட்டுப் பேர் பிய்த்துக்கொள்வார்கள். எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் தன் பத்து அவற்றில் ஒன்றுக்குப் பலம் சேர்க்கும். ஆனால் இல்லாத ஒன்றுக்குப் போட்டால்? ஓட்டு வீணாகும். பாதிக்கு மேல் யாருக்கும் வராது. முடிவு அடுத்த ஆண்டுக்குப் போகும். அக்காவின் மேசை இன்னும் ஒரு வருஷம் இருக்கும்.

நாலு கட்டத்திலும் வட்டத்துக்குப் பத்து போட்டு, தாளை மடித்துப் பெட்டியில் போட்டார். அக்காவுக்குப் போன் செய்து, "கவலைப்படாதே, நான் பாத்துக்கிட்டேன்" என்றார். அவள், "எனக்குத் தெரியும்டா" என்றாள்.

மாலையில் முடிவை அறிவிக்கத் தலைவர் எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்தப் பேரவையின் சரித்திரத்தில் முதல் முறையாக, ஒன்பது நடுவர்களும் ஒருமனதாக ஒரே தொழில்நுட்பத்துக்குப் பத்துக்குப் பத்து வழங்கியிருக்கிறார்கள்!"

திரையில் நீல வட்டம் வந்து சுற்ற ஆரம்பித்தது.

பக்கக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பி நூலகக்காரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்களுமா?" என்று கிசுகிசுத்தார் அந்த அம்மா. "எங்க வாசகர்கள் பாதிப் பேர் எழுபது தாண்டினவங்க. பழைய பக்கமே இருக்கட்டும்னுதான், எதுவும் ஜெயிக்கக் கூடாதுன்னுதான் நான் அதுக்குப் போட்டேன்."

அந்த வரிசையில் ஒன்பது முகங்களும் ஒரே மாதிரி வெளிறிக் கிடந்தன. ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு மேசை இருந்திருக்கிறது. ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், அத்தனையும் பிழைத்திருக்கும். நடுநிலை குன்றியிருக்கும், அவ்வளவுதான்.

தலைவர் தொடர்ந்தார். "முழுமையடைந்த தொழில்நுட்பத்துக்கு எல்லை உண்டு. குறை கண்டுபிடிக்கலாம். ஆனால் இதில் யாராவது குறை சொல்ல முடியுமா? இது காத்திருப்பையே அனுபவமாக்குகிறது. நம்முடைய எல்லா அலுவலகங்களுக்கும் மிகவும் பழக்கமான அனுபவம்."

இதற்கு மேல் பக்கக்காரரால் தாங்க முடியவில்லை. மறுப்புச் சொல்லியே ஆக வேண்டும் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாயைத் திறந்தார். அவ்வளவுதான். ஒரு நடுவரே எழுந்து நின்று பாராட்டுகிறார் என்று எண்ணி முன் வரிசை எழுந்தது. அதைப் பார்த்துப் பின் வரிசை எழுந்தது. மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. "சார், இது தப்பு, நிறுத்துங்க" என்று அவர் கத்தியது அவர் காதிலேயே விழவில்லை. மேடையில் அந்தப் பையன் மட்டும் பேயறைந்தவன் போல நின்றான். யாரோ அவன் கையில் கேடயத்தைத் திணித்தார்கள்.

வீட்டுக்கு வந்த பக்கக்காரர் அக்காவிடம், "ஒருமனதா முடிவு பண்ணிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அக்கா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "ஒத்தை ஆளா நீ என்னடா பண்ணுவ?" அந்த ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

மூன்று மாதத்தில் பக்கம் மாறியது. மருத்துவமனைப் பக்கத்தைத் திறந்தால் வட்டம். அக்கா கணினிக் குரல் வரும் காதுக்கருவியைக் கழற்றி ஊதினாள், மாட்டினாள், வேறு ஒன்று வாங்கி மாட்டினாள். "டேய், இது பழுதாப் போச்சுடா, ஒரு சத்தமும் வரலை" என்றாள். பழுது இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

நிர்வாகி பக்கக்காரரைக் கூப்பிட்டுப் பரிவாகப் பேசினார். "பாருங்க, புதுப் பக்கத்தைப் பத்தி உங்க அக்கா ஒருத்தங்கதான் எழுத்துல புகார் குடுத்திருக்காங்க. ஏன்னு யோசிச்சீங்களா? கண்ணு தெரியறவங்களுக்கு வட்டம் சுத்தறது தெரியுது, ஒரு நம்பிக்கை வருது. அவங்களுக்கு அது தெரியலை. அந்த மேசையில பார்வை உள்ளவங்களைத்தான் போடணும்."

"சார், ஒரு வாரம் குடுங்க. வார்டுல இருந்து பட்டியலைக் காகிதத்துல எழுதி வாங்கிக்கறேன். நான் பக்கத்துல உக்காந்து படிக்கறேன், அக்கா பதில் சொல்லட்டும்."

நிர்வாகி யோசித்தார். "சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும். ஒரு அழைப்புகூட காத்திருந்து துண்டிச்சதா கணக்குல வரக் கூடாது. வந்தா திங்கட்கிழமை வேற ஆள்."

பக்கக்காரர் மாடிப்படிக்கு அடியில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். முப்பத்தேழு தாள்கள். திங்கள் தப்பித்தது. செவ்வாய் தப்பித்தது. அக்காவின் இடது காதருகே வாயை வைத்து வாசித்து வாசித்து அவர் தொண்டை கட்டிக்கொண்டது. "வேகமாப் படிடா" என்பாள். "இன்னும் வேகமா." மனிதக் குரலுக்கு அந்த வேகம் வராது என்று இருவருக்கும் தெரியும். புதனும் வியாழனும் தப்பித்தன.

வெள்ளிக்கிழமை மதியம், போன் ஓய்ந்திருந்த நேரத்தில் அக்கா கேட்டாள். "ஒன்பது பேரும் அதுக்கே போட்டாங்கன்னு சொல்றாங்களே. அதுல நீயும் ஒருத்தன்தானே?"

பக்கக்காரர் தாள்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்தார்.

"ஆமாக்கா. நானும்தான் போட்டேன். அது ஜெயிக்காதுன்னு நினைச்சுப் போட்டேன்."

"உன்னை நம்பித்தானேடா இருந்தேன்" என்றாள் அக்கா. கோபமே இல்லாத குரல் அது. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

போன் அடித்தது. அக்கா எடுத்தாள். "விசாரணை. பேரைச் சொல்லுங்க." கேட்டுவிட்டு, தம்பி பக்கம் சாய்ந்து பெயரைச் சொன்னாள். "புருஷனாம். காலையில ஐசியுவுல இருந்தாராம், இப்ப அங்க இல்லைன்னு சொல்லிட்டாங்களாம். சீக்கிரம்டா, அந்தப் பொண்ணுக்குப் பேச்சே வரலை."

அவர் முதல் தாளைப் பார்த்தார். எழுத்துகள் கண்ணீரில் கலங்கித் தெரிந்தன. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு இரண்டாம் தாளைப் பார்த்தார். அக்கா, "ஒரு நிமிஷம்மா, இதோ சொல்லிடறேன், லைன்லயே இருங்க" என்றாள். பத்தாம் தாள். பதினெட்டாம் தாள். "இருங்கம்மா, ஒன்னும் ஆகியிருக்காது, இருங்க." இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்தார். இருபத்தாறாம் தாளில் அந்தப் பெயரும் பக்கத்தில் வார்டு நர்ஸ் எழுதிய குறிப்பும் இருந்தன.

"கிடைச்சுடுச்சு!" என்று கத்தினார். "நாலாவது வார்டு, பதினொன்னாம் கட்டில்! நல்லா இருக்காராம், எழுந்து உக்காந்துட்டாராம், சாயங்காலம் வந்து பாக்கலாமாம்!"

அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

"யார்கிட்டடா சொல்ற?" என்றாள். "அந்தப் பொண்ணு வச்சிட்டா."